போகச் சொன்ன குரல்

அண்ணே,

எட்டு நாளைக்கு முன்னால் உங்கள் மகன் ஓர் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். திருச்சியில் அவன் சேரப்போகும் காலேஜிலிருந்து வந்த பாரம். அச்சு மையின் வாசனை இன்னும் அதில் இருந்தது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். அவனே விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"இது என் பேரு அத்தை. இது பெறந்த தேதி. இதுல அம்மை குத்தியிருக்கான்னு கேக்குறாக. இங்க அப்பா பேரு எழுதணும்."

"எழுது."

"பேருக்கு முன்னால 'லேட்'டுனு ஒரு வார்த்தை போடணுமாம். இல்லாதவுகளுக்கு அப்படித்தான் எழுதுவாகளாம்."

பேனாவைக் கையில் பிடித்தபடி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுதவில்லை. நீங்கள் பங்குனியில் ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து, தண்ணீர் கேட்டு, அதைக் குடிக்காமலே சாய்ந்தீர்கள். இப்போது ஆனி. மூன்று மாதத்துக்குள் அந்த வார்த்தையைப் பெற்ற மகன் கையால் எழுத வேண்டியதாகிவிட்டது.

அவன் தலையைத் தூக்காமலே கேட்டான். "அத்தை, நான் கெளம்புற அன்னைக்கு, அப்பாவுக்கு அப்பத்தா சொன்னதை நீங்க எனக்குச் சொல்லணும். அப்பா இருந்தா அவுகளே சொல்லியிருப்பாக."

நான் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவன் நான் அழப் போனதாக நினைத்திருப்பான். அழவில்லை. பயந்துதான் போனேன். இருபது வருஷத்துக்கு மேலாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனி யாரிடம் சொல்வது என்ற பயம். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த வருஷம் உங்களுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. வைகாசியில் உங்கள் பரீட்சை முடிவு வந்தது. இளையாத்தங்குடிக்குத் தெற்கே கிடக்கும் நம் ஊரில் அதுவரை ஒருவரும் பள்ளிப் படிப்பை முழுசாக முடித்ததில்லை. நமக்கு இருந்ததெல்லாம் கண்மாயின் கடைமடையில் கொஞ்சம் வயல். நீங்கள் காரைக்குடியில் ஒரு வீட்டில் சாப்பிட்டு, இன்னொரு வீட்டில் படுத்து, விடுமுறைக்கு மட்டும் நடந்து ஊருக்கு வந்து படித்தீர்கள். பாஸ் ஆன செய்தி வந்த அன்று அய்யா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"இத்தோட நிறுத்தவா இம்புட்டு நாளு வெளியூர்ல விட்டு வச்சேன்? மதுரைக்குப் போறே. காலேசுல சேர்றே."

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். காலேஜ் பாரத்தில் கிராம முன்சீப்பின் கையெழுத்துக்காக அய்யா மூன்று நாள் அவர் வீட்டு வாசலில் நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். வாய்க்கால் தகராறில் ஊரே எதிர்த்து நின்றபோதுகூட அவிழ்க்காத தலைப்பாகை அது. மூன்றாம் நாள் கையெழுத்தோடு வந்தவர் யாரிடமும் பேசாமல் நேரே கிணற்றுக்குப் போய்த் தலைமுழுகினார்.

ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. காலேஜிலிருந்து முதலில் வந்த உறையை வாங்கி, அதிலிருந்த முத்திரையைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டாள். வட்டத்துக்குள் ஒரு விளக்கு, அதைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள்தான் நம் பக்கம் வருவார். அந்த இரண்டு நாளும் வெயிலில் கண்மாய்க்கரையில் போய் நிற்பாள். அவர் பையிலிருக்கும் எல்லா உறைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"இது உங்களுக்கு இல்ல ஆத்தா. முன்சீப் வீட்டுக்கு."

"இருக்கட்டும், காட்டுங்க. நான் என்ன, தின்னுருவேனா?"

மூன்றாவது வாரம் அது வந்தது. கரையிலிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "வெளக்கு வந்துருச்சு! ராசா, வெளக்கு வந்துருச்சுடா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். நீங்கள் படித்துச் சொன்னீர்கள். பன்னிரண்டு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தகப்பனாரோடு நேரில் வரவேண்டும், அசல் சர்டிபிகேட்டுகள் கொண்டுவர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த பையனுக்குப் போய்விடும். கீழே ஒரு வரி இருந்தது. அம்மை கண்ட வீட்டிலிருந்து வருகிறவர்களை ஹாஸ்டலில் சேர்க்க மாட்டார்கள். அந்த வரியை நீங்கள் சாதாரணமாகப் படித்தீர்கள். நாங்களும் சாதாரணமாகக் கேட்டோம்.

மறுநாளே நன்னடத்தை சர்டிபிகேட்டுக்கும் அம்மை குத்திய சர்டிபிகேட்டுக்கும் நீங்கள் காரைக்குடி போனீர்கள். அலைச்சல் சில நாள் ஆகும் என்பதால் பள்ளத்தூரில் அத்தை வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நீங்கள் போன மூன்றாம் நாள் ஆத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. உங்களுக்குத் தைத்துக்கொண்டிருந்த தலையணை உறையைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்தாள். இடுப்பு வலி தாங்கவில்லை என்றாள். அதற்கும் மூன்று நாள் கழித்து நெற்றியில் முத்து முத்தாகக் கண்டது. பெரியம்மை.

எனக்கு ஆறு வயதிலேயே அது வந்து, முகம் முழுக்கத் தழும்பை வைத்துவிட்டுப் போயிருந்தது. ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்பதால் ஆத்தாவோடு உள்ளே இருந்தது நான்தான். அய்யாவுக்கும் சின்ன வயதில் வந்து போனதுதான். ஆனாலும் அவர் உள்ளே அதிகம் வரவில்லை. வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு, கதவை ஒட்டி வெளியே உட்கார்ந்தே இருந்தார். பள்ளத்தூருக்கு ஆள் விட்டார். ஆத்தாவுக்குக் காய்ச்சல், பயப்பட ஒன்றுமில்லை, நீ ஊருக்குள் வராதே, சனிக்கிழமை காலையில் திருப்பத்தூர் ரோட்டில் வண்டியோடு நிற்பேன், அங்கே வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்.

மதுரைக்கு மாட்டு வண்டியில் இரண்டு நாள் ஆகும். சனிக்கிழமை புறப்பட்டால்தான் திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய் நிற்க முடியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆத்தாவின் தொண்டைக்குள்ளும் அம்மை இறங்கி, பேச்சு நின்றுவிட்டது. கண் இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. காது மட்டும் கேட்டது. நான் கூப்பிட்டால் விரலை அசைப்பாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அய்யா கதவைத் திறந்து உள்ளே வந்தார். ஆத்தாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னை மூலைக்குக் கூட்டிப்போய்க் காதோரமாகச் சொன்னார்.

"அவன் ரோட்டுல நிக்க மாட்டான் தாயி. இங்கதான் வருவான். வந்து ஆத்தாளக் கூப்புடுவான்."

"சரிய்யா."

"ஆத்தாளால பேச முடியாதுன்னு தெரிஞ்சா நகர மாட்டான். உள்ள வந்துருவான். இந்த வருசம் போச்சுன்னா போச்சுதான், மறுபடி அவனை அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல. நீ பேசிரு."

எனக்குப் புரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன் குரலும் அவ குரலும் ஒண்ணுதான். தெருவுல கூப்புடுறவுக யாருன்னு தெரியாம முழிப்பாகள்ல? ரெண்டே ரெண்டு வார்த்தை. போ ராசான்னு சொல்லு. போதும்."

அது மெய்தான். நான் அடுப்படியிலிருந்து 'யாரது' என்று கேட்டால் மேலவீட்டுச் சின்னம்மாகூட 'நான்தான் மதினி' என்று ஆத்தாவுக்குச் சொல்வதுபோல் சொல்வாள்.

நீங்கள் வெயில் ஏறும்போது வந்தீர்கள். பள்ளத்தூரிலிருந்து நடந்தே வந்திருந்தீர்கள். வாசலில் அய்யா குறுக்கே நின்றது எனக்குக் கதவிடுக்கில் தெரிந்தது. வேப்பிலையைப் பார்த்ததும் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"காய்ச்சல்னு தானே சொல்லி விட்டீக?"

"இறங்கிக்கிட்டு இருக்கு. நாளைக்குத் தண்ணி ஊத்திருவோம்."

"நான் ஒருக்காப் பாத்துட்டு வாரேன்."

"பாத்தா அந்த ஹாஸ்டல்ல எப்படிச் சேருவே? அம்மை வீட்டுக்குள்ள போனியான்னு கேட்டா என்னத்தச் சொல்லுவே?"

"அதுக்காக இப்படியே போகச் சொல்றீகளா?"

நீங்கள் அவரை விலக்கிக்கொண்டு கதவருகில் வந்துவிட்டீர்கள். கதவில் உங்கள் கை வந்து விழுந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் ஆத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆத்தா! நான்தான்! எப்படி இருக்கே?"

ஆத்தாவின் உடம்பு முழுவதும் அசைந்தது. வாயைத் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. அவள் கை தரையில் தடவித் தடவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. மூன்று நாளாகத் தண்ணீர்க் குவளையைத் தூக்கத் தெம்பில்லாத கை அது. அவ்வளவு இறுக்கமாக அவள் என்னைப் பிடித்ததே இல்லை.

"ஆத்தா, ஏன் பேச மாட்டேங்குறே? நான் போகவா, இருக்கவா? நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யுறேன்."

அய்யா வெளியிலிருந்து இருமினார். நான் வாயைத் திறந்தேன்.

"போ ராசா."

"உன் மொகத்தக் காட்டு. ஒருக்காப் பாத்துட்டுப் போறேன்."

இரண்டு வார்த்தை போதும் என்று அய்யா சொல்லியிருந்தார். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் என்ன செய்வேன்? வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

"வேணாம்டா. மொகத்தப் பாத்தா ஒனக்குப் போக மனசு வராது. எனக்கு ஒண்ணுமில்ல. திரும்பிப் பாக்காமப் போ. படிச்சு முடிச்சுட்டு வந்து என்னையப் பாரு."

பிறகு நீங்கள் கதவின் அடியில் நெற்றியை வைத்துக் கும்பிடுவது இடுக்கில் தெரிந்தது. எழுந்து போனீர்கள். நிஜமாகவே திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். வண்டிச் சத்தம் கண்மாய்க்கரை தாண்டிக் கரைகிற வரைக்கும் ஆத்தாவின் கை என் மணிக்கட்டை விடவில்லை. அப்புறம் தானாகவே கழன்று விழுந்தது.

திரும்பிப் பார்க்காமல் போ என்று ஆத்தா நம்மிடம் எப்போது சொல்வாள் என்று உங்களுக்கு நினைவு வரவேயில்லையா அண்ணே? சுடுகாட்டுப் பாதை வழியாக நம்மைக் கடைக்கு அனுப்பும்போது சொல்வாள். பயப்படாமல் இருப்பதற்காகச் சொல்வது. அதுதான் அந்த நேரத்தில் என் வாயில் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் ஆத்தா போய்விட்டாள். பக்கத்தில் நானும் மேலவீட்டுச் சின்னம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மையில் போனவர்களுக்கு ஒப்பாரி வைக்கக்கூடாது என்று சின்னம்மா என் வாயைப் பொத்தினாள். பங்காளிகள் நாலு பேர் வந்து தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். நீங்கள் செய்ய வேண்டியதைப் பங்காளி வீட்டில் ஒருவர் செய்தார்.

அய்யா புதன்கிழமை சாயங்காலம் வந்தார். தனியாக வந்தார். திறந்து கிடந்த கதவையும், கழுவி விட்டிருந்த தரையையும் பார்த்தார்.

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம உச்சியில."

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "எடம் கெடைச்சிருச்சு தாயி" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. புறப்படும்போதே அவருக்குத் தெரியும், அண்ணே. தெரிந்துதான் பெண்டாட்டியை என்னிடம் விட்டுவிட்டு உங்களோடு வண்டியேறினார். மதுரை போய்ச் சேரும்வரை உங்களிடம் முகம் மாறாமல் பேசிக்கொண்டு வந்தார். அவரை நான் மன்னித்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குப் பொறுக்காது.

அன்றே என்னிடம் சொன்னார். "அவன்கிட்ட எந்தக் காலத்துலயும் சொல்லிராதே. ஆத்தாளே போகச் சொன்னான்னு நம்புறவரைக்கும்தான் அவன் அங்க உக்காந்து படிப்பான்."

உங்களுக்குக் கடிதம் போட்டு, நீங்கள் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டாம் நாள். வந்தவர் அய்யாவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "ஒரு பிடி மண்ணு போடுற உரிமையக்கூட எனக்கு இல்லாமச் செஞ்சுட்டீகளே" என்று ஒரே ஒரு தடவை கத்தினீர்கள். அதற்கப்புறம் அவர் சாகிறவரைக்கும் அவரோடு உங்களுக்குப் பேச்சு அளவாகத்தான் இருந்தது. அவர் அதற்கும் தயாராக இருந்தவர் மாதிரி வாங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் என்னிடம் கேட்டீர்கள். "நீதானே கூட இருந்தே. ஆத்தா கடைசியா என்ன பேசுனா?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். எதையாவது பிடித்துக்கொள்ளாவிட்டால் கிணற்றுக்குள் விழுந்துவிடுவீர்கள் போலிருந்தது.

"உங்ககிட்டப் பேசுனதுதாண்ணே. அதுக்கப்புறம் அவ பேசல."

அப்போதுதான் உங்களுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகம் கழுவி, மறுநாளே மதுரைக்குப் போனீர்கள். இரண்டு வருஷம் விடாமல் படித்தீர்கள். ரிஜிஸ்தர் ஆபீசில் வேலை கிடைத்துக் காரைக்குடியில் குடியேறினீர்கள்.

என் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தழும்பு முகத்துக்கு வாய்த்தது இரண்டாந்தாரம். நாலே வருஷத்தில் அதுவும் முடிந்து உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். ஒரு நாளும் நீங்களோ அண்ணியோ என்னை வேற்றாளாக நடத்தியதில்லை. உங்கள் சோற்றைத் தின்றுகொண்டு, உங்களிடம் மறைத்துக்கொண்டு இருந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் வைகாசி பிறந்தால் நம் வீட்டு வாசலில் தகப்பன்களும் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். பாரம் எழுதித் தரவேண்டும், பிறந்த தேதிக்கு நகல் எடுத்துத் தரவேண்டும், எந்தக் காலேஜுக்கு எப்படி எழுதிக் கேட்பது என்று சொல்லித் தரவேண்டும். ஆபீஸ் விட்டு வந்து காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து எழுதுவீர்கள். தயங்குகிற பையன்களிடம் அந்தக் கதையைச் சொல்வீர்கள். "எங்காத்தா அம்மையில கெடந்தா. கதவுக்குள்ள இருந்துக்கிட்டே சொன்னா, திரும்பிப் பாக்காமப் போன்னு." எதிரே இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

பள்ளத்தூரிலிருந்து வந்த அந்தப் பையனை உங்களுக்கு நினைவிருக்கும். ஒல்லியாக, காதில் கடுக்கனோடு இருப்பான். அவன் தாய்க்கு வயிற்றில் கட்டி. போகவா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளவா என்று கேட்க வந்தான். நீங்கள் கதையைச் சொன்னீர்கள். போனான். புரட்டாசியில் தாய் இறந்தாள், செய்தி கிடைத்து அவன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்தான். உங்களோடு சண்டை போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான். நீங்கள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுச் சட்டை மாற்ற உள்ளே போன நேரம், மோர் கொண்டுவந்த என்னிடம் கேட்டான்.

"உங்களுக்கும் அவுகதானே ஆத்தா? அவுக சாகும்போது நீங்க கூட இருந்தீகளாமே. உங்ககிட்ட என்ன சொன்னாக?"

செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்காவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அய்யா செத்து அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குக் கொடுத்த வாக்கு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. உங்களிடமிருந்து அதைப் பிடுங்கிவிட்டால் நீங்கள் எதைப் பிடித்து நிற்பீர்கள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். நீங்கள் என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள் என்ற பயமும் இருந்தது. எது முந்தி, எது பிந்தி என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்த வருஷம் பாரம் எழுதிக்கொடுக்க நீங்கள் இல்லை. உங்கள் மகனே எல்லாவற்றுக்கும் அலைந்தான். அண்ணிக்கு உடம்பில் தெம்பில்லை. நீங்கள் போன நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடுதான், அதிலும் பாதியை வைத்துவிடுவாள். பாயை விட்டு எழுந்திருப்பதே இல்லை. கார்டியன் என்ற இடத்தில் அண்ணியின் தம்பி கையெழுத்துப் போட்டார். எல்லாம் தயாரான பிறகும் அவன் பெட்டியைக் கட்டவில்லை. முந்தாநாள் காலையில் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக் கழிச்சு ரயில் அத்தை. அம்மாவ இப்படி விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்ல. நீங்க அந்த வார்த்தையச் சொன்னீகன்னா போயிருவேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். 'திரும்பி' என்ற சொல் வரைக்கும் வந்தேன். அதற்குமேல் வரவில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அய்யா சொன்னது, நான் பேசியது, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, எல்லாம்.

என் கையை விட்டுவிட்டான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"சாகுறவரைக்கும் சொல்லவே இல்லையா?"

"இல்ல."

எழுந்து முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்க்காமலே நின்றான். அப்படியே நீங்கள் நிற்கும் சாயல். பிறகு கேட்டான். "அப்பத்தா நெசமா என்னதான் சொன்னாக?"

இதை அவனிடம் சொன்னதுதான் முதல் தடவை. உங்களுக்குச் சொல்வது இரண்டாவது.

பேச்சு நிற்பதற்கு முன்னால், புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் ஆத்தா உங்களைத்தான் கேட்டாள். "ராசா எங்குட்டு இருக்கான்? வரச் சொல்லு. ஒருக்காப் பாத்துக்கிறேன்." அய்யா வெளியிலிருந்து, "காலேசுக்குப் போற புள்ளைய ஏன்டி கூப்புடுறே" என்றார். அதற்கு அவள் சொன்னாள். "காலேசு எங்குட்டும் ஓடிப் போகாது. நான்தான் போயிருவேன். எம்புள்ளைய என்கிட்டக் கூட்டியாங்க." தபால்காரரிடம் உறை உறையாக வாங்கிப் பார்த்தவள்தான் இதைச் சொன்னாள். அய்யா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதனால், என் மணிக்கட்டை அவள் எதற்காகப் பிடித்தாள் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

உங்கள் மகன் நேரே அண்ணியிடம் போனான். பாயில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டான், சின்னப்பிள்ளை மாதிரி. "நான் போகவாம்மா, இருக்கவா? மனசுல உள்ளதச் சொல்லு" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அண்ணி விம்மிக்கொண்டே சொன்னாள்.

"இருன்னுதான்டா சொல்ல வருது. போகாம இருந்தாலும் ஒன்னையத் திட்டுவேன். போ. மாசத்துக்கு ஒருக்கா வந்துரு. வரலேன்னா நானே வந்து கூட்டிக்கிட்டு வந்துருவேன்."

அவன் நேற்றுப் பெட்டி கட்டினான். இன்று காலை ரயிலில் போனான். வண்டி ஏறும்வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனானாம், ஸ்டேஷன் வரைக்கும் போன அண்ணியின் தம்பி வந்து சொன்னார். அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். என்னிடம் "வாரேன்" என்று மட்டும் சொன்னான். அத்தை என்று சேர்த்துச் சொல்லவில்லை. வீட்டில் இப்போது நானும் அண்ணியும்தான். அவள் அசந்து தூங்குகிறாள், நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆத்தா உங்களைப் போகச் சொல்லவில்லை, அண்ணே. மூன்று நாள் உங்களைக் கூப்பிட்டாள். நான் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ எனக்குத் தெரியாது. அடித்திருக்கலாம். வீட்டை விட்டுத் துரத்தியிருக்கலாம். ஒருவேளை, நீயும் சின்னப்பிள்ளைதானே என்று சொல்லியிருக்கலாம். எதுவானாலும் உங்கள் முன்னால் நின்று வாங்கியிருக்க வேண்டியது நான். அதற்கு எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது.